வண்ணார்பேட்டையில் ஒரு கல்லீரல் பயாப்ஸி: மருத்துவமனைச் சேவை பற்றிய மதிப்புரை

எட்டு மாதங்களாக இறங்காமல் நின்ற, கல்லீரல் பாதிப்பை ரத்தத்தில் காட்டும் எஸ்ஜிபிடி அளவுக்குக் காரணம் தேடி, சென்ற ஆடி மாதம் என் மதினியைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கல்லீரல் பயாப்ஸிக்காக, அதாவது ஊசியால் சிறு திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பதற்காக, சேர்த்தோம். குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அம்பாசமுத்திரத்தில் கண் மஞ்சளித்த நாளிலேயே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, பத்தியமும் இருக்கச் செய்திருந்தார்கள். மஞ்சள் குறைந்ததே தவிர, ரத்தப் பரிசோதனையில் எண் குறையவில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை, உடல் தன் செல்களையே எதிர்ப்பதைக் காட்டும் ஏஎன்ஏ பாசிட்டிவ், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதமும் கூடியிருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. முன்பு காட்டிய இடத்தில், ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் போதும், ஊசி எதற்கு என்றார்கள். இங்குள்ள கல்லீரல் மருத்துவர் அதை ஏற்காமல், ஏன் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். இந்தச் சேவையில் நான் முதலில் பாராட்டுவது அந்த அரைமணி நேரத்தைத்தான்.

ஃபைப்ரோஸ்கேன், கல்லீரலினூடே ஓடும் அதிர்வலையின் வேகத்தைக் கொண்டு அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணிக்கிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்துவர அது நல்ல கருவிதான். ஆனால் அழற்சி மிகுந்திருக்கும்போது, கல்லீரலில் உண்மையில் உள்ள தழும்பை (நாள்பட்ட பாதிப்பால் திசு நாராக இறுகுவதை)விட அதிகமாகக் காட்டிவிடும். இறுக்கம் எதனால் வந்தது என்பதையும் சொல்லாது. மதினிக்கு ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்னும்போது, காரணத்தைத் திசுவில் கண்ணால் பார்க்காமல் தொடங்கக்கூடாது என்ற மருத்துவரின் முடிவு எனக்குச் சரியாகவே பட்டது.

ரத்தம் சரியாக உறையுமா என்று காட்டும் பிளேட்லெட் எண்ணிக்கை, ஐஎன்ஆர் இரண்டையும் பார்த்து, ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே நாள் குறித்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையே அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, தோல் முதல் கல்லீரலின் உறை வரை மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார்கள். "மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கம்மா" என்றார் மருத்துவர்; நுரையீரல் ஊசியின் வழியில் வராமல் மேலே ஒதுங்குவதற்காக அப்படிச் சொல்கிறார்கள். 16 கேஜ் ஊசி போய்வந்தது ஒரு நொடிக்குள்தான். உள்ளிழுத்து எடுக்கும் ஊசியைக் கொண்டு மெங்கினி என்ற இத்தாலிய மருத்துவர் 1958-இல் இந்த ஒரு நொடி முறையை வெளியிட்டார். அதன் பிறகுதான் கல்லீரல் பயாப்ஸி பரவலாயிற்று.

பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் நீர் கோத்த ஒரு பெரியவர் இருந்தார், பிளேட்லெட்டும் குறைவு. அவரைப் போன்றவர்களுக்கு விலா வழியாகக் குத்தினால் வயிற்றுக்குள் ரத்தம் கசியக்கூடும் என்பதால், கழுத்திலுள்ள சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கல்லீரலின் உள்ளிருந்தே திசு எடுப்பார்கள். கசிந்தாலும் ரத்தம் சிரைக்குள்ளேயே சேரும். அந்த வசதி இங்கு இல்லை. மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மழுப்பாமல் அனுப்பியதை நான் குறையாகக் கருதவில்லை.

ஊசிக்குப் பிந்தைய கவனிப்பு மிக நன்றாக இருந்தது. வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் பிறகு அரைமணிக்கு ஒருமுறையும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். மதினி வலது தோள் வலிக்கிறது என்று பயந்தபோது, "உதரவிதானத்துக்குப் போற நரம்பும் தோளுக்குப் போறதும் கழுத்துல ஒரே இடத்துலருந்து வருதுக்கா, அதான்" என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார்.

ஒப்புதல் படிவத்தில்தான் எனக்கு மனக்குறை. அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகே நீட்டினார்கள். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உயிராபத்து நேரக்கூடிய சிகிச்சைமுறைக்கான தாளை, கையெழுத்திடுபவர் முதல்நாளே தன் மொழியில் படிக்க வேண்டாமா? நான் வரிவரியாகத் தமிழில் சொல்லும்வரை தள்ளுவண்டி காத்திருந்தது. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கையும் ஒன்பதாம் நாள்தான் வந்தது. சிறப்புச் சாயங்கள் ஏற்ற நேரம் பிடிக்கும் என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம்.

ஆயினும் அறிக்கை தரமானது. ஊசியில் வருவது கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு மட்டுமே. துண்டு சிறியதாக இருந்தால் நோயின் தீவிரம் குறைவாகத் தெரியும் என்பதால், 2 முதல் 3 செ.மீ. நீளமும் குறைந்தது 11 போர்ட்டல் பகுதிகளும் (ரத்தக்குழாய்களும் பித்தநாளமும் சேர்ந்து செல்லும் இடங்கள்) வேண்டும் என்கிறார்கள். மதினியின் துண்டு 2.2 செ.மீ.; 14 போர்ட்டல் பகுதிகள் இருந்தன என்று எண்ணி எழுதியிருந்தார்கள். அப்பகுதிகளின் விளிம்பை, எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த பிளாஸ்மா செல்கள் அரித்திருந்தன. தழும்பை நீலமாகக் காட்டும் மாசன் டிரைகுரோம் சாயத்தில் இரண்டாம் நிலைத் தழும்பு தெரிந்தது. கல்லீரல் மருத்துவர், திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜிஸ்டுடன் உட்கார்ந்து ஸ்லைடுகளைத் தாமும் பார்த்து, ரத்த முடிவுகளோடு ஒப்பிட்ட பிறகே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்று உறுதிசெய்தார். எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசலோனும் அசதயோப்ரினும் தொடங்கி மூன்று மாதத்தில் எஸ்ஜிபிடி 212-இலிருந்து 48-க்கு வந்திருக்கிறது.

மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கி வந்தோம். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க நேர்ந்தால் மறுபடியும் குத்த வேண்டியிருக்காது. கேட்டபோது தயங்காமல் கொடுத்தார்கள். ஆனால் அப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதை அவர்களாக யாருக்கும் சொல்வதில்லை.