யூகோஸ்லாவியா தீர்ப்பாய ஆவணத் தளம்: ப்ராஜெக்ட் பண்றவங்க கண்டிப்பா பாருங்க

மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் பத்தி காலேஜ் ப்ராஜெக்ட் எடுத்து நாலு மாசமா இந்த தளத்துலதான் கிடக்கேன். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்காக ஐ.நா. 1993ல அமைச்ச தீர்ப்பாயம் 2017 கடைசியில மூடியாச்சு, ஆனா வழக்கு ஆவணமெல்லாம் அதோட தளத்துலயும், அடுத்து வந்த அமைப்போட டேட்டாபேஸ்லயும் அப்படியே இருக்கு. தீர்ப்பு, விசாரணை ட்ரான்ஸ்கிரிப்ட் எல்லாம் ஃப்ரீயா படிக்கலாம்.

ஆரம்பத்துல நான் வேற ஒரு சுருக்கத் தளத்தை நம்பித்தான் எழுதினேன். இந்தக் குற்றத்தை நிரூபிக்க அரசாங்கத்தோட திட்டமோ கொள்கையோ இருந்தே ஆகணும்னு அதுல போட்டிருந்துச்சு, அப்படியே எழுதிக் குடுத்தேன், கைடு முழு பக்கத்தையும் அடிச்சுட்டாங்க. அப்புறம்தான் போஸ்னிய செர்பியப் படையைச் சேர்ந்த குனராச்ங்கறவர் மேல இந்தத் தீர்ப்பாயத்துல நடந்த வழக்கோட 2002 மேல்முறையீட்டுத் தீர்ப்பைத் திறந்து பாத்தேன், திட்டமோ கொள்கையோ தனியா நிரூபிக்கத் தேவையில்லைன்னு தெளிவா சொல்லியிருக்கு. ஆனா சர்வதேச குற்றவியல் கோர்ட்டுக்கான சட்டமான 1998 ரோம் சாசனம் 7வது பிரிவுல அரசோட இல்ல ஒரு அமைப்போட கொள்கை இருக்கணும்னு வருது. எந்தக் கோர்ட்டு, எந்தச் சட்டம்னு பாக்காம எழுதினா இப்படித்தான் மாட்டிப்போம்.

தேட ஒரு வழி சொல்றேன். ட்ரான்ஸ்கிரிப்ட்டை முதல்ல தொடாதீங்க, ஆயிரக்கணக்கான பக்கம், தொலைஞ்சு போயிடுவீங்க. தீர்ப்புல ஒவ்வொரு பத்திக்கும் நம்பர் இருக்கும், கீழ ஃபுட்நோட்ல எந்த சாட்சி எந்தப் பக்கத்துல சொன்னாங்கன்னு இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து முன்னாடி பின்னாடி பத்து பக்கம் படிங்க. குறுக்கு விசாரணையையும் விட்டுடாதீங்க.

இந்த குனராச் வழக்கு போஸ்னியாவுல இருக்கற ஃபோச்சா ஊர்ல 1992, 93ல நடந்ததைப் பத்தினது. பார்ட்டிசான் விளையாட்டு அரங்கத்துல செர்பியப் படையாளுங்க பெண்களை அடைச்சு வச்சிருந்தாங்க. ரெண்டு பேரை 500 ஜெர்மன் மார்க் வீதம் வித்திருக்காங்க. இன்னொரு வீட்டுல இருந்த ஒரு பெண், ஒரு கட்டத்துல வீட்டுச் சாவியே எங்க கிட்ட குடுத்தாங்கன்னு ஒத்துக்கறாங்க. சாவி இருந்தா எப்படி அடிமைன்னு கேக்கத் தோணும், ஆனா வெளிய போனாலும் போக்கிடமே இல்ல, ஒளியவும் இடமில்ல, அதனால அது அடிமைப்படுத்தல்தான்னு மேல்முறையீட்டுக்கு முன்னாடி 2001ல வந்த முதல் தீர்ப்பு சொல்லுது. அந்தச் சாவி விஷயத்தைப் படிச்சப்போதான் அடிமைப்படுத்தல்ங்கற வார்த்தை எனக்கு உண்மையிலேயே புரிஞ்சுது, மூணு செமஸ்டர் வகுப்புல புரியாதது.

நடுநடுவுல பல பக்கம் மறைச்சிருக்கும், சாட்சிங்களுக்கு பேருக்குப் பதிலா எழுத்தும் நம்பரும்தான் இருக்கும். அதைக் குறையா நினைக்காதீங்க, அந்தப் பாதுகாப்பு இருந்ததாலதான் அவங்க வந்து பேசினாங்க. அவங்க யாருன்னு தயவுசெஞ்சு வேற எங்கயும் தேடாதீங்க. ராத்திரி தனியா உக்காந்து படிக்கவும் வேணாம், நான் படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கல.

ருவாண்டா தீர்ப்பாயத்தோட ஆவணமும் அதே டேட்டாபேஸ்லதான் இருக்கு. அடுத்து நான் படிக்கப்போறது அங்க 1998ல தீர்ப்பு வந்த அகாயேசு வழக்கு, தீர்ப்பை டவுன்லோட் பண்ணி வச்சாச்சு.