கம்பி பேனல் செட்டில் கினி பிக் கூண்டு: சுவருக்குச் சரி, பரணுக்கு அப்படியே போதாது

ஷூவும் துணியும் அடுக்கி வைக்க என்று ஆன்லைனில் விற்கிறார்களே, 35 செ.மீ. சதுரக் கம்பி பேனல்கள், அதையும் வட்டமான பிளாஸ்டிக் கனெக்டர்களையும் சேர்த்து ஒரு செட், அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. அலமாரியாக அது எப்படி என்பது நமக்குத் தேவையில்லை. கினி பிக் என்ற சிறு கொறிவிலங்கை வளர்ப்பவர்கள் இதைக் கூண்டாகக் கட்டுகிறார்கள். அந்த வேலைக்கு இது எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வி.

இரண்டு கினி பிக்குகளுக்குத் தாராளமாக 10.5 சதுர அடி தரை வேண்டும். கடைகளில் கொடுக்கும் முயல் கூண்டு பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. கம்பித் தரையாக இருந்தால் பாதத்தில் புண் வரும் என்பது தனித் தொல்லை. இந்தப் பேனலில் அகலத்துக்கு 2, நீளத்துக்கு 4 வைத்தால் 70க்கு 140 செ.மீ., கணக்காக 10.5 சதுர அடி. கூண்டுக்குள் உயர்த்திக் கட்டும் மேல்தளம்தான் பரண். அதன் பரப்பை இதோடு கூட்டாதீர்கள். கினி பிக்குகள் ஓடுவது தரையில்தான், மேலே ஏறுவது படுக்க.

எண்ணிக்கை இப்படி: சுற்றுச்சுவர் 12, பரணைச் சுற்றி இரண்டாவது வரிசை 4, பரணின் தளம் 2, சரிவுப் பாதை 2. ஆக 20. இரண்டு கூடுதலாக வாங்குங்கள், ஒன்றிரண்டு வளைந்தோ வெல்டிங் விட்டோ வரத்தான் செய்யும். விற்பவர் "ஆறு பெட்டி", "ஒன்பது பெட்டி" என்றுதான் போடுவார். பேனல் எத்தனை என்று விவரத்தில் தேடிப் பாருங்கள். சில செட்டுகளில் பாதி பேனல் வெறும் பிளாஸ்டிக் தகடு. காற்று போகாது, தவிர்த்துவிடுங்கள்.

வாங்கும்முன் படத்தைப் பெரிதாக்கி ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். 9 இருந்தால் ஒவ்வொன்றும் 4 செ.மீ.க்குள் அடங்கும், கவலையில்லை. 5 கட்டம் என்றால் 7 செ.மீ. ஓட்டை. குட்டி நழுவி வெளியே வந்துவிடும், சற்று வளர்ந்ததற்குத் தலை போய் மாட்டும்.

செட்டின் பலவீனம் கனெக்டர். பேனல் உறுதியாக நிற்கும், ஆனால் யாராவது மேலே சாய்ந்தால் கனெக்டர் படக்கென்று கழன்றுகொள்ளும். அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று கேபிள் டை போடுங்கள். டையின் தலை கூண்டுக்கு வெளியே இருக்கட்டும். மிச்ச வாலைக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஊசி மாதிரி முனை நிற்கும். பெரிய நகவெட்டியால் வெட்டினால் தலையோடு ஒட்டி மழமழவென்று வரும்.

அடித்தட்டு செட்டோடு வராது. போர்டு அடிக்கும் கடைகளில் கிடைக்கும் சன்பேக் ஷீட் (உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை), 8க்கு 4 அடியில் ஒன்று போதும். பேனலை முதலில் கட்டிவிட்டு உள் அளவை எடுங்கள், அதில் 1 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் 15 செ.மீ. சுவருக்காகச் சேர்த்தால் ஏறக்குறைய 100க்கு 170 செ.மீ. துண்டு. மடிக்கும் கோட்டில் கத்தி மேல் தோலை மட்டும் கீற வேண்டும். கீறிய பக்கம் வெளியே வரும்படி மடியுங்கள். மாற்றி மடித்தால் கீறலுக்குள் மூத்திரம் இறங்கித் தங்கிவிடும். மூலையில் ஒரு வெட்டு மட்டும், அதுவும் தரையின் மூலைப்புள்ளிக்குச் சற்று முன்பே நிற்கட்டும். மிஞ்சும் காதை வெளிப்பக்கம் மடித்து டேப் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டிய டேப்பைக் கொறித்துவிடும்.

இனி பரண். செட்டின் படத்தில் இருப்பதுபோல இரண்டாவது அடுக்கை 35 செ.மீ. உயரத்தில் கனெக்டரில் மாட்டினால் இரண்டு தப்பு நடக்கும். இரண்டு பேனல் சேரும் நடுக்கோடு தொய்ந்துவிடும். அடுத்து, 70 செ.மீ. சரிவுப் பாதை 30 டிகிரிக்கு நின்றுகொள்ளும். கினி பிக் ஏறும் பிராணி இல்லை. அத்தனை செங்குத்தில் பல ஏறாது, ஏறியது இறங்கப் பயந்து குதிக்கும். கால் ஒடிவது அங்கேதான்.

சரி செய்வது சுலபம். அரை இஞ்ச் பிவிசி பைப்பை 80 செ.மீ. நீளத்தில் இரண்டாக வெட்டி வாங்குங்கள். கூண்டின் ஒரு கோடியில், கீழிருந்து ஆறு கட்டம் விட்டு ஏழாவதில், இந்த நீளச்சுவரிலிருந்து அந்த நீளச்சுவருக்குக் குறுக்கே இரண்டையும் செருகுங்கள், ஒன்று முன்விளிம்பை ஒட்டி, மற்றது பின்னால். தளப் பேனல்களை அதன்மேல் வைத்து டை போட்டால் உயரம் ஏறக்குறைய 25 செ.மீ. வரும். பெரிய கினி பிக் இரண்டு ஏறினாலும் தொய்வு இருக்காது. சரிவு 20 டிகிரியை ஒட்டி நிற்கும். பரணுக்குக் கீழே மறைவிடமும் தானாகக் கிடைக்கும்.

பரணுக்குத் தனித் தட்டு, 35க்கு 70, சுற்றி 8 செ.மீ. சுவர். பாதை ஏறும் வாயை வெட்டும்போது தரைவரை வெட்டாமல் 2 செ.மீ. உதடு விடுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே தெரியும்: மேலே பெய்தது பாதை வழியாக இறங்கி, கீழே விரித்த துணியின் ஒரே மூலை எப்போதும் நனைந்திருக்கும். அதே காரணத்துக்காகப் புல்லை மேலே வைக்காதீர்கள், தின்னும் இடத்திலேயே கழிக்கும் பழக்கம் அவற்றுக்கு. பாதை போக மிச்சமிருக்கும் விளிம்புக்கு 15 செ.மீ. தடுப்பு கட்டாயம்.

பாதையின் தளத்துக்குச் சன்பேக்கின் உள்வரிகள் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் நடுவில் மடங்கும். இரு பக்கமும் 10 செ.மீ. மறைப்பு வையுங்கள். பக்கம் திறந்திருந்தால் பல கினி பிக்குகள் அடியெடுத்தே வைக்காது. மேலே ஃப்ளீஸ் துணியை (கம்பளி மாதிரி மிருதுவான செயற்கைத் துணி) இழுத்துப் போட்டு பைண்டர் க்ளிப் மாட்டினால் வழுக்காது. சாக்கு வேண்டாம், நார் நகத்தில் சுற்றிக்கொள்ளும். ஃப்ளீஸை விரிக்கும்முன் இரண்டு மூன்று முறை வெந்நீரில் துவையுங்கள், கம்ஃபர்ட் மாதிரி துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அப்போதுதான் ஈரம் அடியில் விரித்த உறிஞ்சும் துணிக்கு இறங்கும்.

30 டிகிரி தாண்டும் வெயிலில் இவற்றுக்கு உயிராபத்து உண்டு. பரணுக்குக் கீழே ஒரு தரை டைல் போட்டால் சில்லென்று படுத்துக்கொள்ளும். வெண்மையாகப் படியும் மூத்திரக் கறைக்கு வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போதும்.

பூனை நடமாடும் வீட்டுக்கு மூடி வேண்டும். அப்போது சுற்றிலும் இரண்டாவது வரிசை, மேலே 8 பேனல் என்று 20 போய் 36 ஆகிவிடும். மூடிக்கு மட்டும் பேனலை விட்டுவிட்டு 5க்கு 2.5 அடியில் வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வெட்டி வாங்கி, ஒரு பக்கத்தை டை போட்டுக் கீல் மாதிரி ஆக்குங்கள். 28 பேனலோடு முடியும்.