தேதி இல்லாத ‘மெட்டல் எபாக்ஸி’ டப்பாவை வாங்காதீர்கள்

இரண்டு வெள்ளை டப்பா. தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. மேலே ‘மெட்டல் எபாக்ஸி – 24 மணி நேரம்’ என்று எழுதி ஒட்டிய சீட்டு மட்டும். எபாக்ஸி என்றால் ரெசின் (பிசின்), ஹார்டனர் (அதை இறுக வைப்பது) இரண்டையும் கலந்து ஒட்டும் பசை, டப்பாவுக்கு ஒன்று. அலுமினியக் குழாயை இரும்பு பிராக்கெட்டில் ஒட்டி தொலைநோக்கி ஸ்டாண்ட் செய்வதற்காக ஒரு ஹார்டுவேர் கடையில் நான் வாங்கியவை இவை. நான்காம் நாள் மொட்டைமாடி வெயிலில் குழாய் பிராக்கெட்டைவிட்டு வழுகி இறங்கிவிட்டது. “கலக்கத் தெரியாம கலக்கியிருப்பீங்க சார்” என்றார் கடைக்காரர். பணம் திரும்பி வரவில்லை.

அவர் சொன்னது தவறு. மிச்சப் பசையைப் பட்டாணி அளவு கலந்து பார்த்தபோது ஆறே நிமிடத்தில் கெட்டியானது. விகிதம் பிசகினால் பசை பிசுபிசுவென்று நிற்குமே தவிர இப்படி அவசரமாக இறுகாது. சீட்டில் எழுதியதுபோல 24 மணி நேரம் எடுத்து மெதுவாக இறுகும் எபாக்ஸி, அந்தச் சின்ன அளவில் ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகத் தடவும் பதத்தில் இருக்கும். வாசனையும் காட்டிக்கொடுத்தது: மெதுவான வகையின் ஹார்டனரில் அமோனியா அல்லது மீன் நெடி இருக்கும், இதில் அழுகிய முட்டை நாற்றம். அது மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம், ஐந்து நிமிடப் பசையின் ஹார்டனர். அதைத்தான் டப்பா மாற்றி விற்றிருக்கிறார்கள்.

ஐந்து நிமிடப் பசை வீட்டுக்குள் இருக்கும் சின்ன வேலைகளுக்குப் போதும். ஆனால் 50 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்பு பெயிண்ட் அடித்த உலோகம் 60 டிகிரிக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இளகிய பசையை அதுவும் இழுக்கும். பிரிந்த இணைப்பில் பசை இரண்டு பக்கமும் ஒட்டியே இருந்தது, கிழிந்தது நடுவில். ஒரு பக்கம் உலோகம் பளிச்சென்று தெரிந்திருந்தால் மேற்பரப்பைச் சுத்தம் செய்ததில் குறை என்று ஒப்புக்கொள்ளலாம். இங்கே தோற்றது பசையேதான்.

நிறுவன பேக் உடைக்காமல், தேதியோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள். அரால்டைட் ஸ்டாண்டர்டு 180 கிராம் பேக்கில் ரெசின் 100 கிராம், ஹார்டனர் 80 கிராம் இருக்கும். ஹார்டனரைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், எடையில் 100:80, கன அளவில் சமம். தராசு வைத்துச் சரிபாதி கலப்பவர்களுக்குத்தான் பசை ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு ஏமாற்று, அசிட்டோன் என்று ஊற்றித் தரும் தின்னர். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்த் தடம் நின்றால் அதை உலோகத்தில் தொடாதீர்கள். முதலில் நல்ல அசிட்டோனால் துடைத்து, 180 நம்பர் எமரி தாளால் தேய்த்து, திரும்பவும் துடைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவ வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தி, அலுமினியமானால் ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். ஆக்சைடு படலம் உடனே வளர ஆரம்பித்துவிடும். பசையின் தடிமன் 0.1 மி.மீ. போதும். கிளாம்பை ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடும். 24 மணி நேரத்துக்கு முன் சுமை ஏற்றக் கூடாது.

திருகு, பேரிங் ஒட்டும் அனரோபிக் பசையில் (காற்று படாத இடத்தில் இறுகும் வகை) கதை நேர் எதிர். பாட்டில் பாதிக்குமேல் காலியாக இருப்பதைப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன்தான் அதை இறுகாமல் காக்கிறது. கழுத்துவரை நிரம்பியிருந்தால்தான் யாரோ ஊற்றி நிரப்பியது என்று சந்தேகப்பட வேண்டும்.

நல்ல எபாக்ஸியும் சாதாரண அறை வெப்பத்தில் இறுகியதென்றால் 60 டிகிரியில் கணிசமான பலத்தை இழக்கும். வெயிலில் நிற்கும் ஸ்டாண்டுக்குப் பசையோடு 4 மி.மீ. போல்ட் ஒன்றும் போடுங்கள்.