கார்புரேட்டர் கிளீன் பண்ணியபின் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டி: என் அனுபவம்

எங்கள் வீட்டில் ஓடுவது 110 சிசி ஸ்கூட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் புகுவதற்கு முந்தைய வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ளது. கம்பெனி பேரைச் சொன்னால் "அதைப் போய் ஏன் வாங்கினீங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும், அதனால் வேண்டாம். இந்த ரக வண்டிகளில் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சமாச்சாரம்தான்.

சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை என்று தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, மாட்டினார்கள். அதோடு ஸ்டார்ட் ஆவதே நின்றுபோனது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, உதைத்தாலும் சுற்றுகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது. மெக்கானிக் தம்பி ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், அதற்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயிலை மாற்றினார். கடைசியில், "அண்ணே, கார்புரேட்டரே போச்சு. புதுசு போட்டுரலாம்" என்றார்.

காலையில் ஓடிவந்த வண்டி. கை வைத்தது கார்புரேட்டரில். காயில் அன்றைக்கென்று பார்த்துச் சாக வேண்டிய அவசியமே இல்லை. கழற்றி மாட்டிய இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

செல்ஃப் அடித்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது; காய்ந்திருந்தால் போகவே இல்லை. எனக்குச் சுண்டக் காய்ந்திருந்தது. அடுத்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூ. இன்ஜின் ஆறியபின், பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் இல்லாத இடத்தில் இதைத் தளர்த்துங்கள். கிண்ணம் நிறைந்திருந்தால் டியூப் வழியே பெட்ரோல் ஒழுகும். நான் டம்ளரைப் பிடித்தேன். விழுந்தது சொட்டுக் கணக்கு.

இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் கையால் திருகும் பெட்ரோல் டேப் கிடையாது, வேக்கம் டேப்தான். இன்ஜின் சுற்றும்போது இன்டேக் பக்கம் உண்டாகும் உறிஞ்சல், மெல்லிய ரப்பர் டியூப் வழியாக டேப்புக்குப் போய் உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் படலத்தை இழுக்கும். அப்போதுதான் பெட்ரோல் இறங்கும். அந்த டியூப் சரியில்லை என்றால் பெட்ரோலும் வராது, அந்த ஓட்டை வழியாகக் காற்று வேறு உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும்.

பார்வைக்கு டியூப் ஒழுங்காக மாட்டித்தான் இருந்தது. விரலால் வளைத்தபோதுதான், டியூப் செருகும் முனையான நிப்பிளை ஒட்டி நீளவாக்கில் ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. பல வருஷம் இன்ஜின் சூட்டில் கிடந்து இறுகிய ரப்பர், இழுத்துக் கழற்றியதில் கிழிந்திருக்கும். டேப்பையும் சந்தேகப்பட்டு, மெடிக்கலில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சை அதன் வேக்கம் முனையில் செருகி இழுத்தேன். பெட்ரோல் டியூபிலிருந்து டம்ளருக்குள் சரசரவென்று இறங்கியது. டேப் நன்றாக இருக்கிறது. டியூபின் கிழிந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு மாட்டினேன்.

உடனே பிடிக்காது, அவசரப்படாதீர்கள். காலிக் கிண்ணம் நிறைய வேண்டும். ஐந்து விநாடி செல்ஃப், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து விநாடி. விடாமல் அமுக்கினால் பேட்டரிதான் இறங்கும்.

வண்டி பிடித்தது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டபின்னும் இரைச்சல் குறையவில்லை. எங்கோ காற்று இழுக்கிறது என்று பார்த்தால், கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. டீ காசுதான் அதன் விலை. கார்புரேட்டரைக் கழற்றினாலே அதைப் புதுசாகப் போட வேண்டும் என்பது என் கட்சி.

பிளக் நனைந்திருந்தால் கதை வேறு. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சிக்கி ஓவர்ஃப்ளோ ஆகலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டி, முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட் ஆகி பிக்கப் மட்டும் இல்லையென்றால், மேல்மூடிக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரத்தின் விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டைக் குண்டூசியால் குத்தும் ஆளிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் மைலேஜ் போச்சு.

அதன்பிறகு மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வேக்கம் டியூப், பெட்ரோல் டியூப் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி வருகின்றன. நம் பழைய வண்டிக்கு நாமேதான் கவனிக்க வேண்டும். மைலேஜ் லிட்டருக்கு 45 கிலோமீட்டருக்குக் குறையவில்லை, சிக்னலில் ஆஃப் ஆவதும் இல்லை. கழற்றிய பழைய காயிலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டிப் பார்த்தால் பளிச்சென்று தீப்பொறி விடுகிறது!

ஒரே குறை, ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் முதல் ஸ்டார்ட்டுக்கு நேரமாகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும், மறுபடி நிறைந்தாக வேண்டும். அன்றைக்கு மட்டும் செல்ஃபைத் தொடாமல் கிக்கர்தான்.