'சம்பூ': 'கோஹாபிட்டன்ட்' என்பதா, 'காமன்-லா ஸ்பௌஸ்' என்பதா?

ஸ்வீடனின் ஆயுள் காப்பீட்டு ஆவணங்களில் பயனாளியாக அடிக்கடி இடம்பெறும் 'சம்பூ', திருமணம் செய்யாமல் இணையராக நிலையாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே குடும்பம் நடத்துபவரைக் குறிக்கும் சட்டச் சொல்லாகும். இதை ஆங்கிலத்தில் 'காமன்-லா ஸ்பௌஸ்' (முறையான திருமணச் சடங்கோ பதிவோ இன்றிச் சட்டம் ஏற்கும் துணைவர்) என்று பெயர்த்தால், அமெரிக்க வாசகருக்குச் சட்டென்று புரிந்ததுபோல் தோன்றும். ஆனால் அங்கே அத்தகைய உறவை ஏற்கும் மாநிலங்களில் அது முழுமையான திருமணமாகவே கருதப்படுவதால், மரபுரிமை உட்பட, ஸ்வீடன் தராத உரிமைகளையும் அந்தச் சொல் தந்துவிடுகிறது.

ஸ்வீடனின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டுப் பயன்பாட்டுக்கென வாங்கிய வீடும் வீட்டுப் பொருட்களும் மட்டுமே கடன் கழித்துச் சமமாகப் பங்கிடப்படும். வங்கிச் சேமிப்பும் கோடைக்கால வீடும் அதில் சேரா, உயிலின்றி இணையரின் சொத்துக்கு வாரிசாகவும் முடியாது. எனவே, சற்று வறண்டு ஒலித்தாலும், 'கோஹாபிட்டன்ட்' (சேர்ந்து வாழ்பவர்) என்பதையே நான் தேர்வேன். முதல் முறை வரும் இடத்தில் மூலச் சொல்லையும் அருகில் வைப்பேன்.

இழப்பில் காப்பீடு பெற்றவரே ஏற்கும் தொகையான 'ஷெல்வ்ரிஸ்க்' விஷயத்தில் இவ்வளவு யோசனை தேவையில்லை: பிரிட்டன் வாசகருக்கு 'எக்ஸஸ்', அமெரிக்கருக்கு 'டிடக்டிபிள்', ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காதிருந்தால் போதும்.