பகாவ் வட்டாரத்தில் விற்கப்படும் 'ரேசிங் எண்ணெய்': மோட்டார் பந்தயத்தில் ஈடுபடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பகாவ் நகரிலும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் காப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள உதிரிப்பாகக் கடை ஒன்றில், தயாரிப்பாளர் பெயரில்லாத டின்னில், '110' என்ற எண் மட்டும் ஒட்டப்பட்ட பச்சை நிறத் திரவம் ரேசிங் எண்ணெய், அதாவது பந்தய எரிபொருள் என்று விற்கப்படுகிறது. கார்புரேட்டரில் ஜெட்டை (எரிபொருள் செல்லும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகத்தை) மாற்ற வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டாம் தம்பி, அப்படியே ஊத்தி ஓட்டுங்க, நம்பர் கூடுனா பவரும் கூடும்" என்றார் கடைக்காரர்.

என் 150 சிசி மோட்டாரின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 13:1க்கு உயர்த்தப்பட்டது. பயிற்சியில் திராட்டலை முழுவதும் திறந்து ஓட்டிய சிறிது நேரத்திலேயே இன்ஜின் சக்தியிழந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க விளிம்பு உருகியிருந்தது. பிளக்கின் பீங்கான் வெளுத்து, அதன்மேல் அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன. காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருள் கிடைக்காமல் சூடேறியதன் அடையாளங்கள் இவை.

மீதமிருந்த திரவத்தைக் கண்ணாடி அளவுக் குழாயில் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கித் தெளிய விட்டோம். வெறும் பெட்ரோலாக இருந்திருந்தால் தண்ணீரின் மட்டம் மாறியிருக்காது. ஆனால் அது கணிசமாக உயர்ந்தது, அதாவது ஆல்கஹால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கும் மெத்தனாலுக்கு 6.4 பங்கும் போதும். ஆகவே, ஆல்கஹால் கலந்த எரிபொருளைப் பெட்ரோலுக்கான ஜெட்டிலேயே ஓட்டினால், உள்ளே வரும் காற்றுக்கு எரிபொருள் போதாது. ஆல்கஹாலின் ஆக்டேன் எண் உயர்ந்தது என்பதால் '110' பொய்யாகக்கூட இல்லாமல் இருக்கலாம்; அதுதான் இந்த ஏமாற்றின் சாமர்த்தியம்.

ஆக்டேன் எண், நாக்கிங்கை (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவதை) தாங்கும் திறனைக் காட்டுமே தவிர, சக்தியைக் காட்டாது. அந்த எண்ணும் ரோன் (RON) முறையில் அளந்ததா, அதைவிடக் கடுமையான நிலையில் சோதிக்கும் மோன் (MON) முறையில் அளந்ததா என்பதைப் பொறுத்து மாறும். சாதாரணப் பெட்ரோலில் இவ்விரண்டுக்கும் இடையே 8 முதல் 10 வரை வித்தியாசம் இருக்கும். நம் நாட்டு நிலையங்களில் காணும் 95, 97 ஆகியவை ரோன் எண்கள். எனவே, பந்தய எரிபொருள் வாங்குவோர் எந்த முறையில் அளந்த எண், ஆல்கஹால் எவ்வளவு, ஈயம் உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். ஈயம் கலந்த எரிபொருள் இன்ஜெக்‌ஷன் மோட்டாரின் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். மெத்தனாலின் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், விவரம் இல்லாத டின்னை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து.

இழப்பீடு கேட்டபோது, ஜெட்டை மாற்றாதது என் மெக்கானிக்கின் தவறு என்றார், மாற்ற வேண்டாம் என்று சொன்ன அதே கடைக்காரர். அவர் தந்த ரசீதில் தொகை மட்டுமே இருந்தது, பொருளின் பெயர் இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். இதே டின்னை வாங்கியவர்கள் மீதமுள்ள எண்ணெயைக் கொட்டிவிடாமல் மூடி, குடியிருப்புக்கு வெளியே பாதுகாப்பாக வைத்து, ரசீதில் பொருளின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.