விண்டோஸ், லினக்ஸ், மேக்: வைஃபை பாஸ்வேர்டு உள்ளே எப்படி இருக்கிறது? நீண்டநாள் அனுபவம்

வைஃபை பாஸ்வேர்டை ஒருமுறை தட்டினால் போதும், அப்புறம் கணினி தானாகவே இணைந்துகொள்ளும். அப்படி இணைய வேண்டுமென்றால் அந்தச் சாவியை எங்காவது வைத்திருந்துதான் ஆகவேண்டும். இணையதளங்கள் நம் பாஸ்வேர்டை ஹாஷ் செய்து, அதாவது மூலச் சொல்லுக்குத் திரும்ப முடியாத வடிவில், வைப்பது வேறு கதை. அங்கே சரிபார்க்கிறவர் சேமிக்கிறார். இங்கே தன்னை நிரூபிக்க வேண்டியவரே சேமிக்கிறார். அதனால் மூலச் சொல்லோ, அதற்குச் சமமான ஒன்றோ நம் கணினியில் இருந்தே தீரும். மூன்று இயங்குதளங்களையும் பல வருடமாகப் புழங்கியதில், ஒவ்வொன்றும் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்ததை எழுதுகிறேன்.

விண்டோஸில் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் டபிள்யூலேன்எஸ்விசி என்ற இடத்தில் இருக்கும். திறந்தால் நெட்வொர்க் பெயர், பாதுகாப்பு வகை எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். சாவி இருக்க வேண்டிய வரியில் மட்டும் 01000000 என்று தொடங்கும் நீண்ட எழுத்துச் சரம். டிபிஏபிஐ என்ற விண்டோஸ் வசதி, அந்தக் கணினிக்கே உரிய சாவியால் இதை மறையாக்கம் செய்கிறது. கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பயனில்லை. ஆனால் அதே கணினியில் நிர்வாகிக் கணக்கு இருந்தால், 'நெட்எஸ்எச்' கட்டளையோடு 'கீ=கிளியர்' சேர்த்தால் போதும், பாஸ்வேர்டு அப்படியே திரையில் வந்து நிற்கும். அவசரத்துக்கு மிக உதவியான வசதி. எவ்வளவு உதவியோ அவ்வளவு ஆபத்தும்கூட. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு லேப்டாப்பில், முன்பு அதை வைத்திருந்த அலுவலகத்தின் வைஃபை பெயரும் சாவியும் அப்படியே கிடந்தன. டிஸ்கை அழிக்காமலே விற்றிருக்கிறார்கள். உடனே நான் ஃபார்மட் செய்துவிட்டேன். எல்லாரும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் எந்த மறைப்பும் செய்வதில்லை. பெரும்பாலும் இடிசி ஃபோல்டருக்குள் 'சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்' போய், ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஒரு கோப்பைத் திறந்தால் 'பிஎஸ்கே=' என்ற வரிக்கு எதிரே பாஸ்வேர்டு பச்சையாக எழுதியிருக்கும். கோப்பின் அனுமதி 600, அதாவது ரூட் தவிர யாரும் படிக்க முடியாது. முதலில் பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகவே படுகிறது. விண்டோஸிலும் நிர்வாகிக்கு எல்லாம் தெரியும். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், தகுந்த கருவி வைத்திருப்பவர் அந்த மறையாக்கத்தையும் அவிழ்த்துவிடுவார், ஏனென்றால் அதற்கான சாவியும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. லினக்ஸில் 'மற்ற பயனர்களுக்கும்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் பாஸ்வேர்டு நம் கீரிங்குக்கு, அதாவது லாகின் செய்தால் திறக்கும் பாஸ்வேர்டுப் பெட்டகத்துக்கு, போய்விடும். நானும் அப்படி வைத்துப் பார்த்தேன். லாகின் செய்யும்வரை நெட் வராது. ஆட்டோ லாகின் போட்டிருந்தால் கீரிங்கைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கும். பழையபடியே மாற்றிக்கொண்டேன்.

பாஸ்வேர்டுக்குப் பதில், அதிலிருந்து கணக்கிட்ட 64 இலக்க ஹெக்ஸ் (0-9, a-f) சாவியை வைக்கலாமே என்று கேட்பார்கள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் 8 முதல் 63 எழுத்துவரை உள்ள பாஸ்வேர்டும் நெட்வொர்க் பெயரும் சேர்ந்து, 4096 சுற்றுக் கணக்கு ஓடி, 256 பிட் சாவி பிறக்கிறது, அதுதான் இந்த 64 இலக்கம். விண்டோஸ் எக்ஸ்பி அப்படித்தான் வைத்தது. லினக்ஸின் 'டபிள்யூபிஏ_பாஸ்ஃபிரேஸ்' கருவியும் அதைத்தான் தருகிறது, ஆனால் மூலப் பாஸ்வேர்டையும் கமெண்ட் வரியாகக் கூடவே எழுதிவைக்கும். அந்த வரியை நாம்தான் அழிக்க வேண்டும். இதில் லாபம் கொஞ்சம்தான். அந்த 64 இலக்கம் கையில் இருந்தாலே யாரும் இணைந்துவிடலாம். அதே சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் அது தப்பிக்கும், அவ்வளவே. ரவுட்டரில் நெட்வொர்க் பெயரை மாற்றினால் சாவியும் செல்லாது. அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-க்கோ மூலச் சொல்லே வேண்டும்.

மேக்கில் சாவி கீசெயின் என்ற பாஸ்வேர்டுப் பெட்டகத்தில் இருக்கிறது, பார்க்கக் கேட்டால் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். ஐகிளவுட் கீசெயின் போட்டிருந்தால் ஐஃபோனுக்கும் தானாகப் போய்விடும். அன்றாடப் பயன்பாட்டுக்கு மூன்றில் இதுதான் சுகம். ஆனால் ஒரு சாதனத்தில் போட்ட சாவி நம் எல்லாச் சாதனங்களிலும் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை நாளில் நான் முழுதாக நம்புவது டிஸ்க் என்க்ரிப்ஷனை, அதாவது டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்வதை, மட்டும்தான். விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ், மேக்கில் ஃபைல்வால்ட். லினக்ஸ் போடும்போதே லக்ஸைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது பெரிய வேலை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரவுட்டரில் தனி கெஸ்ட் நெட்வொர்க் வைத்திருக்கிறேன். அவர்கள் லேப்டாப்பில் தங்கிவிடும் சாவி அந்த ஒன்றாக மட்டும் இருக்கும், வேண்டும்போது அதை மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பை விற்பதற்கு முன் வைஃபை பட்டியலில் 'ஃபர்கெட்' மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தாமல் டிஸ்கையே முழுதாக அழியுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால், கொடுத்து வாங்கியதும் ரவுட்டர் பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.